மேல்மாடிக்கு ஏறாத சிக்னல்

பதினொன்று இருபதுக்கு அரைமில்லியின் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றது. "அந்தக் குளியலறைக் கதவை இந்தப் பக்கம்" என்பது வரை வந்தது. எந்தப் பக்கம் என்பது வரவில்லை.

கோடக்கா எழுந்து கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். இதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே கணினியை ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று நிமிடம் கழித்து அரைமில்லி திரும்ப வந்தபோது முகம் அசைந்தது, ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

"என்னம்மா, இந்த மாசத்துல இது ஒன்பதாவது தடவை."

"சாரி சார். லைன் போயிடுச்சு."

"போகுது, வருது, போகுது. உங்க லைனுக்குக் காவல் நிக்கறதா என் வேலை? மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். சரியாகலைன்னா ஆபீஸுக்கே வந்துடுங்க."

அரைமில்லி என்பது அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தின் தலைமைப் பொறியாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அவர் விரல் அங்கே போய் நிற்கும். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்றும், உள்ளூரப் பெருமைதான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கோடக்கா என்ற பெயர் அவளாகச் சம்பாதித்தது. பத்தொன்பது வயதில் அங்கே நகல் எடுக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அமோனியா மருந்து வாடையில் கண் எரியும் அறை. ஒரு நாளைக்கு நூறு படங்கள் கை வழியாகப் போகும். நகல் எடுத்துக்கொண்டே படங்களைப் படிக்கப் பழகினாள். மதியம் மேசைகள் காலியாகும் நேரத்தில் யாருடைய பென்சிலையாவது எடுத்து, கழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பிளான் மேசைக்காரர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட வாரத்தில், அவசரத்துக்கு அவளை அங்கே உட்கார வைத்தார்கள். அவள் போட்ட கோடு தொடங்கிய கனத்திலேயே முடிந்தது. நடுவில் தடிக்கவில்லை, முனையில் மெலியவில்லை. அதன்பின் அவளை யாரும் அந்த மேசையிலிருந்து எழுப்பவில்லை. பென்சில் போய்க் கணினி வந்தபோது அதையும் பக்கத்து ஆளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே பழகினாள்.

அந்த அலுவலகத்தில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ, அது பிளான். கத்தி வைத்து மேலிருந்து கீழாக வெட்டினால் எப்படித் தெரியுமோ, அது செக்‌ஷன். பிளான் ஒரு மேசை, செக்‌ஷன் அடுத்த மேசை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கான பிளான் போட்டாள், ஒரு செக்‌ஷன்கூடப் போட்டதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் காரணம் கீழே நடு அறையில் படுத்திருந்தார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன் லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஏணி நழுவியதில் தொடை எலும்பு இரண்டானது. உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அவரை எழுப்பி உட்கார வைக்க வேண்டும், கைப்பிடிச் சட்டத்தைப் பிடிக்க வைத்துக் கழிவறை வரை கூட்டிப்போக வேண்டும், திரும்பப் படுக்க வைக்க வேண்டும். நல்ல கனமான மனிதர். வீட்டில் இவர்கள் இருவர்தான். அவருக்குச் சம்பளம் நின்றுபோய்விட்டது. அவள் ஆபீஸுக்குப் போனால் அவரைத் தூக்க ஆளில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அலுவலகத்துக்கு அவள் எழுதிக் கொடுத்ததோ இரண்டே வரி: கணவருக்குக் காலில் அடி, சில மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. தினமும் பதினொரு மணிக்கு அரைமில்லியோடு திரையில் உட்கார வேண்டும். அவள் படத்தைக் காட்ட, அவர் அங்கிருந்தே திருத்தம் சொல்வார். அந்த நேரம் பார்த்துத்தான் லைன் அறுந்தது.

கீழேயே உட்கார்ந்து பேசலாமே என்று கேட்பவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. முன்னறைக் கதவைத் திறந்தால் தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் இருசக்கர வண்டிகளின் ஹாரனைக் கழற்றி மாட்டி, மாட்டியதை அடித்துப் பார்க்கும் கடை. இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தாள். "நீங்க பஸ் ஸ்டாண்டுலயா இருக்கீங்க?" என்றார் அரைமில்லி. நடு அறையைக் கணவரின் கட்டில் அடைத்துக்கொண்டது. மிச்சம் சமையலறை. ஆகவே மேல்மாடியில் பின்பக்க அறை. மேசையும் பெரிய திரையும் அங்கேதான் இருந்தன. இணையமோ தெருக் கம்பத்திலிருந்து முன்னறை ஜன்னல் வழியாக நுழைந்து, இணைப்புக் கொடுத்தவர்கள் இலவசமாகத் தந்த ரவுட்டரில் போய் முடிந்தது. அந்தப் பெட்டி ஜன்னல் திட்டில் தூசியோடு உட்கார்ந்திருந்தது. வீட்டின் ஒரு மூலையில் அது, எதிர் மூலையில், ஒரு மாடி மேலே, இவள்.

மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றே கடைக்கு ஓடியிருப்பாள். கோடக்கா முதலில் அளந்தாள். வீட்டை ஒன்றுக்கு ஐம்பது அளவில் இரண்டு டிரேசிங் தாளில் வரைந்தாள், மாடிக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் மீட்டருக்கு ஒரு கட்டம். சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, கட்டம் கட்டமாக நின்று எண்ணைக் குறித்தாள். முப்பது நாற்பது என்றால் தேன் மாதிரி ஓடும். அறுபதுவரை குறையில்லை. எண்பதை நெருங்கினால் பேச்சு துண்டு துண்டாகும்.

"இந்தா, என் கட்டிலைச் சுத்தி மூணு தடவை வந்துட்டே. பூஜை போடறியா?" என்றார் கணவர்.

"காலை மடக்குங்க. அந்தக் கட்டம் பாக்கி."

"மடக்க முடிஞ்சா நான் ஏன் இங்கே கெடக்கறேன்?"

முன்னறை முப்பத்தைந்து. நடு அறை ஐம்பது. மேலே அவள் மேசை எண்பத்து நாலு.

கடையில் சுவர் முழுக்கப் பெட்டிகள். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் அதைவிடப் பெரியதைக் கையில் எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நாலு ஆன்டெனா வைத்த ஒன்றை நீட்டினார். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது: ஆயிரத்து ஐந்நூறு சதுர அடிக்குக் கவரேஜ்.

சதுர அடி கோடக்காவுக்குத் தாய்மொழி மாதிரி. வீடு இரண்டு மாடியும் சேர்த்துத் தொள்ளாயிரம். அறுநூறு மிச்சம். வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஜன்னல் திட்டில் வைத்து, மேலே போய்ப் பார்த்தாள். எழுபத்தொன்பது.

மறுநாள் பதினொன்று பதினேழுக்கு அரைமில்லி உறைந்தார்.

"எனக்கு நல்லாத்தான் ஓடுது," என்றார் கீழே படுத்திருந்தவர். கைப்பேசியில் ஏதோ மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "நிக்காம ஓடுது. நல்ல பெட்டிதான்."

"உங்களுக்கு ஓடி என்ன பிரயோஜனம்?"

"அது சரி. வீட்ல ஓடற ஒரே ஆள் இந்த மல்யுத்தக்காரன்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு டிரேசிங் தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மாடிப்படி மூலைகளைப் பொருத்தி, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ரவுட்டர் ஒரு மூலையில், மேசை மறு மூலையில், நடுவே பதினொரு மீட்டர். தப்பு எங்கே என்று பளிச்சென்று தெரிந்தது. தூரத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் தாளில் மேசை இருந்த இடத்தில் ஊசியால் குத்தினாள். ஊசி கீழ்த் தாளில் சமையலறை அலமாரியின் மேல் இறங்கியது.

முழு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. நீளக் கேபிள் வாங்கி, ஜன்னல் திட்டில் இருந்த பழைய பெட்டியிலிருந்து சுவரோரமாக இழுத்து, புது ரவுட்டரைச் சமையலறை அலமாரி உச்சிக்குக் கொண்டுபோனாள். சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று மேலேயும் கீழேயும் அளந்து, பெட்டி மேசைக்கு நேர் அடியில் வரும்படி விரல்கடை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். நாலு ஆன்டெனாவையும் செங்குத்தாக நிமிர்த்தினாள், மேலே பார்த்து. பிளானில் இப்போது இரண்டுக்கும் நடுவே தூரம் பூஜ்யம்.

மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். எண்பத்தொன்று.

நம்பாமல் செயலியை மூடித் திறந்தாள். எண்பத்தொன்று. கோபத்தில் நாற்காலியை ஒதுக்கித் தள்ளி, மண்டியிட்டுக் கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தாள். எண்பது. அடியிலிருந்த சமையலறையில் முப்பது. பக்கத்து வீட்டுச் சுவர்வரை நாற்பத்தைந்து. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட இவள் ரவுட்டர் உதவும், இவளுக்குத்தான் உதவாது. மண்டை காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை அரைமில்லி இரண்டு முறை உறைந்தார். இரண்டாவது முறை திரும்பி வந்ததும் அவர் மேசை மேலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கடைக்காரர் மேசையில் வைத்தாள்.

"அட்டை கிழிஞ்சிருக்கேக்கா. திருப்பி எடுக்க முடியாது."

"கிழிக்காம உள்ளே இருக்கறதை எப்படி எடுக்கறது?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க." அவர் சுவரின் உச்சி வரிசையைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணுங்க. டெமோ பீஸ் ஒண்ணு இருக்கு. ஒரு நாள் வெச்சுப் பாருங்க. இதுல வரலைன்னா இந்த ஊர்ல எதுலயும் வராது."

ஆறு ஆன்டெனா. மல்லாந்து விழுந்த நண்டு மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு வேறு. அதையும் அதே இடத்தில், அதே ஊசிக் குத்தின் மேல் வைத்து, ஆறு காலையும் நிமிர்த்தினாள். மேலே எழுபத்தெட்டு.

கோடக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே வரவும் மனசில்லை, மேலே போகவும் மனசில்லை.

"ஏய், எங்கே போனே?" என்று நடு அறையிலிருந்து குரல் வந்தது.

"எங்கேயும் போகலை. இங்கேதான் உக்காந்திருக்கேன்."

"அழறியா?"

"அழுதா சிக்னல் வருமா?"

"அந்தப் படத்தை எடுத்துட்டு வா. நானும் பாக்கறேன்."

"உங்களுக்குப் பிளான் என்ன தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் கேக்கறேன். படுத்துப் படுத்து விட்டத்தை எண்ணிட்டேன், வேற பாக்க எதுவும் இல்லை."

அவரை நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, தாள்களைக் கையில் தந்தாள். அவர் அதைப் பார்த்த விதமே தப்பாக இருந்தது. விரித்துப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேராகப் படுக்கைவாட்டில் பிடித்து, ஓரத்தைப் பார்த்தார், கத்தியின் கூரைப் பார்ப்பதுபோல.

"இந்தத் தாள் கீழ் மாடி?"

"ஆமா."

"இது மேல் மாடி?"

"ஆமா. என்னங்க விளையாட்டு?"

"ரெண்டும் ஒட்டிட்டிருக்கே. நடுவுல இருக்கறது எங்கே?"

"நடுவுல என்ன இருக்கு?"

அவர் மனைவியை ஏதோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் இருபத்தஞ்சு வருஷம் பொழப்பு ஓட்டினதே அந்த நடுவுலதான். அரை அடி கான்கிரீட் இருக்கு, அது முழுக்க ஜல்லடை மாதிரி கம்பி இருக்கு. உன் மேசைக்குப் பக்கத்துல குளியலறை. அதோட தரை ஒரு அடி தாழ்த்திக் கட்டினது, உள்ளே செங்கல் உடைசலும் குழாயும் ரொப்பி வெச்சிருக்கான். சமையலறை மேல பீம் வேற ஓடுது. இதெல்லாம் உன் படத்துல எங்கே?"

அது செக்‌ஷனில் வரும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆனா தூரம் குறைஞ்சுதே," என்றாள். "நேர் அடியில வெச்சேன். அப்பவும் எண் கூடத்தானே செஞ்சுது?"

"நேர் அடியிலயா? நேர் அடியில வெச்சா வராதே."

"ஏன் வராது?"

"ஏன்னு தெரியாது. எங்க ஆளுங்க லிஃப்ட் குழியில வாக்கி டாக்கி வெச்சுப் பேசுவோம். ஒருத்தன் மேல மெஷின் ரூம்ல, ஒருத்தன் நேர் கீழ குழியில. ரெண்டு பேரும் அதை நிமிர்த்திப் பிடிச்சா வெறும் கரகரப்புத்தான். படுக்க வெச்சுப் பிடிச்சாத் தெளிவாக் கேக்கும். அப்படியே பழக்கமாயிடுச்சு. புதுசா வந்தவன் நிமிர்த்திப் பிடிச்சா, 'படுக்கப் போடுடா அதை'ன்னு கத்துவோம்."

கோடக்கா சமையலறைக்குப் போய், முதலில் வாங்கிய ரவுட்டரின் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்த கையேட்டை எடுத்தாள். எட்டு மொழிகளில் எறும்பு எழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய படம் இருந்தது. ஆன்டெனாக் குச்சியைச் சுற்றி, அச்சாணியைச் சுற்றிச் சக்கரம் இருப்பதுபோல, சிக்னல் வரைந்திருந்தது. குச்சி நின்றால் சக்கரம் தரைக்கு இணையாகப் படுக்கும். குச்சியின் நுனி எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம் கிட்டத்தட்ட எதுவும் போகாது. அவளோ ஆறு நுனியையும் தன் நாற்காலியைப் பார்த்துக் குறி வைத்திருந்தாள். பிளானில் அதைவிடச் சரியான இடம் கிடையாது. வீட்டில் அதைவிட மோசமான இடம் கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி என்று அட்டையில் போட்டவர்களும் அவளைப்போலப் பிளான் மேசையில் உட்கார்ந்தவர்கள்தான் போலும்: பக்கவாட்டில் விரித்துக் கணக்குப் போட்டார்களே ஒழிய, ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

நண்டை இறக்கிவிட்டுத் தன் பெட்டியையே வைத்து, இரண்டு ஆன்டெனாவைப் படுக்க வைத்தாள். மேலே எழுபத்தொன்று. அதே பெட்டி, அதே இடம். குச்சியைச் சாய்த்ததில் பத்து எண் இறங்கிற்று. ஒன்பது நாள் தண்டமாகப் போயிருந்தது.

எழுபத்தொன்றும் போதவில்லை. புதன்கிழமை லைன் கால் மணி நேரம் அறுபடாமல் தாங்கியது. கனமான ஃபைல் ஒன்றைத் திறந்ததும் திணறி அறுந்தது. "வெள்ளிக்கிழமை மாசக் கடைசி," என்றார் அரைமில்லி, திரும்ப வந்ததும்.

அன்று மதியம் அவள் தன் வாழ்நாளின் முதல் செக்‌ஷனைப் போட்டாள். கட்டிலிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, இவள் வரைந்தாள். தளம் ஆறு அங்குலம். பீம் இங்கே. தாழ்ந்த தரை இங்கே. ரவுட்டரிலிருந்து மேசைக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். அது பீமின் ஓரத்தையும் செங்கல் உடைசலையும் கம்பி வலையையும் துளைத்துக்கொண்டு போயிற்று. எவ்வளவு பெரிய பெட்டி வாங்கினாலும் அந்தக் கோடு மாறாது. அந்த வீட்டில் இரண்டு மாடிக்கும் நடுவே கான்கிரீட் இல்லாத இடம் ஒன்றுதான்: மாடிப்படி ஏறும் திறப்பு.

நண்டைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முகம் வாடினார். உடனே மலர்ந்தார். "அப்போ உங்களுக்கு மூணு பெட்டி செட்டுதான்க்கா. கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு. ஒயரே வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு காத்துலயே பேசிக்கும்."

"மேல இருக்கறது கீழ இருக்கறதுகிட்ட எது வழியாப் பேசும்?"

"காத்து வழியா."

"நடுவுல தளம் இருக்கே. எனக்கு வராத சிக்னல் அந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படி வரும்?"

"அது பெட்டியாச்சே அக்கா, அதுக்குப் பவர் ஜாஸ்தி."

"இதையேதான் நண்டுக்கும் சொன்னீங்க." செக்‌ஷனை மேசை மேல் விரித்தாள். "கீழ இருக்கற பெட்டியிலிருந்து படி வழியாக் கேபிள் கொண்டுபோறேன். மேல ஒரு சின்னப் பெட்டி போதும். கேபிள்ல வர்றதை வாங்கி, அந்த ரூம்ல மட்டும் வைஃபை குடுக்கணும். அவ்வளவுதான்."

"அப்போ கேபிளை நேரா கம்ப்யூட்டர்லயே சொருகிடலாமே?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர். துளையும் இல்லை, எதையும் சொருகவும் விடாது. பூட்டி வெச்சிருக்காங்க."

அவர் குனிந்து, கீழ் வரிசையின் பின்னாலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் அளவில் இரண்டு ஆன்டெனா. கடையிலேயே சிறியது.

"இது ஒத்தை ரூம்காரங்க வாங்கறதாச்சே அக்கா," என்றார், அவளுக்காக வருத்தப்படுகிறவர்போல.

"எனக்கும் ஒத்தை ரூம்தான்."

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேபிளைப் படிச் சுவரில் அடித்தாள். சாணுக்கு ஒரு கிளிப், எல்லாம் ஒரே உயரத்தில். நடு அறையிலிருந்து சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அரைமில்லி வந்து கேபிளையும் அளக்கப் போறாரா?" என்றார்.

பெட்டியை மேலே வைத்து இணைத்தாள். வீடு முழுக்க இணையம் செத்துப்போயிற்று.

"என் ஆளை யாரோ கழுத்தைப் புடிச்ச இடத்துல நிறுத்திட்டாங்க!" என்று மல்யுத்தம் பார்த்தவர் கத்தினார்.

அப்புறம் மூன்று மணி நேரம். கழற்றினாள், மாட்டினாள், அணைத்தாள், எரியவிட்டாள், கையேட்டை முதலிலிருந்து படித்தாள். கீழிருந்த ரவுட்டர் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. புதுப் பெட்டியும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கக் கிளம்பிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் எல்லாம் நின்றுபோயிற்று. "ஒரே டிபார்ட்மென்ட்ல ரெண்டு சூப்பர்வைசர்," என்றார் கணவர். "ஒருத்தனை வாயை மூடச் சொல்லு." அதற்குப் பெட்டியின் செட்டிங்கில் ஒரு வழி இருந்தது, ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெயரில். அதை அழுத்தினால் பெட்டி அதிகாரத்தை விட்டுவிட்டு வாங்கியதைக் கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். அழுத்தினாள். கைப்பேசியை மேசை மேல் வைத்தாள்.

முப்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அரைமில்லி வந்தார். பதினொன்று இருபதுக்கு அசைந்துகொண்டிருந்தார். பதினொன்றரைக்கும் அசைந்துகொண்டிருந்தார். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் என்று முழு வாக்கியமாகச் சொன்னார். படம் தெளிவாகத் தெரியத் தெரிய, அவர் விரல் போய் நிற்கும் இடங்களும் பெருகின. ஏழாவது திருத்தம், எட்டாவது, பத்தாவது. தூண் இங்கே மூன்று மில்லி தள்ளியிருக்கிறது. இந்த அளவுக் கோடு அந்தச் சுவரைத் தொடவில்லை. இத்தனை நாளும் லைன் அறுந்த அவசரத்தில் அவர் பாதிதான் பார்த்தார் என்பது கோடக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மேசை மேல் கைப்பேசி மின்னியது. கீழேயிருந்து மிஸ்டு கால். கணவருக்கு எழ வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி மின்னியது.

இத்தனை நாளும் லைன் அறுந்த நேரம் பார்த்துத்தான் அவள் கீழே ஓடியிருக்கிறாள். அடித்துப் பிடித்து அவரை எழுப்பி, கொண்டுபோய், விட்டுவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து "சாரி சார், லைன் போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். லைன் சரியானால் என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"பன்னெண்டாவது," என்றார் அரைமில்லி. "படிக்கட்டு அகலம்."

மூன்றாவது முறையும் கைப்பேசி மின்னியது. சின்னப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், மேசை ஓரத்தில் இருந்தது. பின்பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் போதும், லைன் போய்விடும். எத்தனையோ முறை உண்மையாகச் சொன்ன வாக்கியம், இன்னும் ஒருமுறை பொய்யாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் இது மாதக் கடைசி. லைன் போனால் திங்கட்கிழமை ஆபீஸ். ஆபீஸ் போனால் அந்த மிஸ்டு காலை எடுக்க யாருமில்லை. கை பெட்டி வரைக்கும் போய் நின்றது.

"என்னம்மா, லைன் போச்சா?"

"இல்லை சார். லைன் நல்லா இருக்கு." "நான் இப்போ கீழே போகணும். என் வீட்டுக்காரருக்கு எழுந்து நிக்க முடியாது. நான்தான் தூக்கி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. லெட்டர்ல கால்ல அடின்னு மட்டும்தான் எழுதினேன். தொடை எலும்பு ரெண்டா ஒடிஞ்சிருக்கு சார்."

திரையில் அரைமில்லி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பதறிப்போய் மூலையிலிருந்த சிக்னல் குறியைப் பார்த்தாள். முழுதாக இருந்தது. லைன் போகவில்லை. அவருக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் கடைசியில்.

"பத்துப் பன்னெண்டு நிமிஷம் சார்."

"போயிட்டு வாங்க. நான் ஃபைலைப் பாத்துட்டிருக்கேன்."

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி முகம் சிவந்து கிடந்தார். "லைன் அறுந்தா நீ வருவேன்னு பாத்தேன். அறுக்கவே மாட்டேங்குதே இந்தப் பாழாப்போன பெட்டி!"

"வாயை மூடிட்டு என் தோளைப் பிடிங்க."

திரும்பி வந்தபோது அரைமில்லி அங்கேயே இருந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இனிமே நடுவுல போகணும்னா சொல்லிட்டுப் போங்க. ஓடிப் போக வேண்டாம். அவர் நடக்கற வரைக்கும் வீட்லயே இருந்து பாருங்க. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

"ரொம்ப நன்றி சார்."

"நீங்க கீழே போயிருந்த நேரத்துல இன்னும் ஆறு தப்பு கண்டுபிடிச்சேன்," என்றார் அவர். "பதிமூணாவதுலேர்ந்து சொல்றேன், குறிச்சுக்கோங்க."

ஒரு மணிக்கு அவள் இறங்கி வந்து கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வேலை?" என்றார் அவர்.

"இருக்கு. இங்கேயே."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பதினெட்டுத் திருத்தம். வீட்ல உக்காந்ததுலேர்ந்து ஒரு படத்துக்கு நாலு தாண்டினதில்லை. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிக்கணுமாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் பதினொரு மணிக்கு லைன்ல வருவாராம். சனிக்கிழமைன்னு சொன்னேன். 'உங்க லைன்தான் இப்போ நல்லா இருக்கே'ங்கறார்."